ஓசூரா, பென்னாகரமா, அரூரா: ரேடியோ கேட்க இடம் பார்ப்பது எப்படி

ரேடியோ கேட்பதைப் பொழுதுபோக்காகத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த செட் வாங்கலாம்?" என்றுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நம் கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்தில் செட்டை விட இடம்தான் பெரிய விஷயம். கிருஷ்ணகிரியில் பஸ் ஏறி மேலுமலை தாண்டி ஓசூரில் இறங்கினால், ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்திலிருந்து 900 மீட்டருக்கு வந்திருப்பீர்கள். எதிர்ப்பக்கம் பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போனால் காவிரிப் பள்ளத்தாக்குக்குள் இறங்கிவிடுவீர்கள். தெற்கே தொப்பூர் மலை, கிழக்கே சித்தேரி, நடுவில் வத்தல்மலை. இரண்டு மாவட்டங்களுக்குள் இவ்வளவு மேடு பள்ளம் இருப்பதால், ஒரே டாங்கிளும் (லேப்டாப்பை ரேடியோவாக்கும் சின்ன யுஎஸ்பி கருவி) ஒரே ஆன்டெனாக் கம்பியும் ஓர் ஊரில் ஊமையாக இருக்கும், இன்னோர் ஊரில் மூன்று மாநிலத்து நிலையங்களைப் பிடித்துத் தரும்.

ஆனால் "உயரமான இடம் நல்ல இடம்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உயரம் வேறு, அமைதி வேறு, இரண்டும் ஒரே ஊரில் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். எந்த அலைக்கு எது முக்கியம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் ஊர்களை ஒப்பிடுவது சுலபம்.

முதலில் சட்டம், ஏனென்றால் இதில் நாடுகளுக்கு இடையே இருக்கும் வித்தியாசம் கொஞ்ச நஞ்சம் இல்லை. அமெரிக்காவில் ஸ்கேனர், அதாவது பல அலைவரிசைகளைத் தானே தேடிக் கேட்கும் ரேடியோ, கடையில் கிடைக்கும், மறைகுறியாக்கம் செய்யாத போலீஸ், தீயணைப்புப் பேச்சைக் கேட்பது அங்கே பெரும்பாலும் தடையில்லாத பொழுதுபோக்கு. செல்போன் அலைவரிசைகளை மட்டும் ஸ்கேனரிலிருந்து சட்டம் போட்டு அடைத்துவிட்டார்கள். பிரிட்டனில் ஸ்கேனர் வைத்திருக்கலாம், ஆனால் பொதுமக்களுக்கென்று அனுப்பாத எதையும் கேட்கக் கூடாது. இந்தியாவில் இன்னும் இறுக்கம். 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் தொடங்கி 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் வரை, அனுமதி இல்லாமல் ரேடியோக் கருவி வைத்திருப்பதையும் அடுத்தவர் செய்தியை ஒட்டுக்கேட்பதையும் குற்றமாகத்தான் பார்க்கின்றன. அதனால் யூடியூபில் வெளிநாட்டுக்காரர் போலீஸ் பேச்சு கேட்பதைப் பார்த்துவிட்டு இங்கே முயற்சி செய்ய வேண்டாம். போலீஸ், ரயில்வே, விமானம், இதெல்லாம் நமக்கு வேண்டாத வேலை. நமக்கு மிச்சம் இருப்பது குறைவு என்று நினைக்கவும் வேண்டாம்: பண்பலை (எஃப்எம்), மத்திய அலை (மீடியம் வேவ்), சிற்றலை (ஷார்ட் வேவ்) ஒலிபரப்புகள், உரிமம் பெற்ற ஆர்வலர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோ, விண்வெளி நிலையம், வானிலைச் செயற்கைக்கோள். இதற்கே ஒரு ஆயுள் போதாது.

ஒலிபரப்பைத் தாண்டிப் போக நினைப்பவர்கள் ஹாம் உரிமம் எடுத்துவிடுவதே சரி. 12 வயது ஆனவர்கள் தேர்வு எழுதலாம், தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும், ரெஸ்ட்ரிக்டட் என்ற கீழ்நிலைக்கு மோர்ஸ் என்ற தந்திக் குறியீடு கூடத் தேவையில்லை. மலைமேல் கம்பி நட்டு லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து யாராவது வந்து கேட்டால், குறிப்பாக அத்திப்பள்ளி எல்லைப் பக்கம், கையில் ஒரு உரிமம் இருப்பது எவ்வளவு நிம்மதி என்று அப்போது தெரியும்.

கையில் என்ன வேண்டும்

ஒப்பிடுவதற்கு விலை உயர்ந்த எதுவும் வேண்டாம். ஒரு ஆர்டிஎல் எஸ்டிஆர் டாங்கிள், ஒரு லேப்டாப், மடக்கி எடுத்துப் போகக்கூடிய ஒரு டைபோல், அதாவது இரண்டு கை கொண்ட எளிய ஆன்டெனா. இந்த டாங்கிள் சுமார் 25 மெகாஹெர்ட்ஸ் முதல் 1,700 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும்; அதன் வி3, வி4 வகைகளில் மத்திய அலையும் சிற்றலையும் கூட வரும். லேப்டாப் வேண்டாம் என்றால் பண்பலையும் மத்திய அலையும் எடுக்கும், சிக்னல் அளவை எண்ணாகக் காட்டும் ஒரு பாக்கெட் ரேடியோ போதும். மத்திய அலைக்கு உண்மையில் அதுதான் மேல், ஏனென்றால் அதன் உள்ளே ஆன்டெனாவாக இருக்கும் பெரைட் கம்பி திசை பார்க்கும், செட்டைத் திருப்பித் திருப்பியே இரைச்சல் எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிடலாம்.

கேபிளுக்குத் தனியாகச் செலவு செய்யாதீர்கள். கேபிள் டிவி இழுத்தபோது மிஞ்சிய ஆர்ஜி 6 வயரே போதும், அது 75 ஓம், டாங்கிள் அதைப் பற்றிக் கவலைப்படாது, மெல்லிய ஆர்ஜி 58-ஐ விட அதில் இழப்பும் குறைவு. டைபோலின் ஒவ்வொரு கையும் பண்பலைக்கு 71 சென்டிமீட்டர், 145 மெகாஹெர்ட்ஸ் ஹாமுக்கு 49, வானிலைச் செயற்கைக்கோளுக்கு 53. அலுமினியக் குழாயோ பழைய டிவி ஆன்டெனாவின் கம்பியோ எதுவானாலும் சரி.

ஒரு சின்னக் கணக்கு

பண்பலையிலிருந்து மேலே உள்ள அலைகள் ஏறக்குறைய கண்ணுக்குத் தெரியும் தூரம் வரைதான் போகும், கொஞ்சம் வளையும். அந்தத் தொலைவைக் கிலோமீட்டரில் அறிய, சுற்றியுள்ள நிலத்திலிருந்து உங்கள் ஆன்டெனா எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்குங்கள். அனுப்புகிறவர் பக்கத்துக்கும் இதே கணக்கைப் போட்டு இரண்டையும் கூட்டுங்கள்.

தருமபுரி ஊருக்குள் 10 மீட்டர் மொட்டை மாடி என்றால் உங்கள் பங்கு 13 கிலோமீட்டர். வத்தல்மலை ஏறி, கீழே உள்ள சமவெளியைவிட 600 மீட்டர் மேலே நின்றால் 100 கிலோமீட்டர். இவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் இந்த வித்தியாசத்தை எந்த விலைக்கு செட் வாங்கினாலும் ஈடுகட்ட முடியாது. கவனிக்க வேண்டியது "சுற்றியுள்ள நிலத்திலிருந்து" என்பதை. ஓசூர் 900 மீட்டரில் இருந்தாலும் ஊரின் நடுவில் நிற்பவருக்கு அந்த உயரத்தால் வடக்கே பெங்களூர் பக்கம் பெரிய லாபம் இல்லை, அந்தப் பீடபூமியும் அதே உயரம்தான். லாபம் கிடைப்பது பீடபூமி முடியும் விளிம்பில், அதாவது சூளகிரி, ராயக்கோட்டை பக்கம் நிலம் கிழக்கே சரியும் இடங்களில். அங்கே நின்றால் 400 மீட்டர் பள்ளத்தைப் பார்த்து நிற்கிறீர்கள், கணக்குப்படி 82 கிலோமீட்டர் உங்கள் பங்கு.

ஒப்பிடும் முறை

ஒரே நாளில் ஊர் ஊராகப் போய்க் கேட்டுவிட்டு "இங்கே நன்றாக வருகிறது, அங்கே வரவில்லை" என்று எழுதி வைப்பதில் பயனில்லை. காலை ஆறு மணிக்குப் பாலக்கோட்டில் கேட்டதையும் மதியம் இரண்டு மணிக்கு ஊத்தங்கரையில் கேட்டதையும் பக்கத்தில் வைத்தால் ஊரை அல்ல, நேரத்தைத்தான் ஒப்பிடுகிறீர்கள். அதனால் எல்லா இடத்திலும் அதே ஆன்டெனா, அதே கேபிள், தரையிலிருந்து அதே உயரம், ஏறக்குறைய அதே மணி. மூன்று மீட்டர் பிவிசி குழாய் ஒன்றை வண்டியில் கட்டி எடுத்துப் போவது நல்லது, உயரம் தானாகவே ஒன்றாக இருக்கும்.

மென்பொருளில் கெயினை, அதாவது சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்ற அளவை, தானியங்கியில் விடக் கூடாது. இதைப் பலர் கவனிப்பதில்லை. தானியங்கி கெயின் பலவீனமான இடத்தில் கூட்டியும் பலமான இடத்தில் குறைத்தும் கொடுத்து, நீங்கள் தேடி வந்த வித்தியாசத்தையே அழித்துவிடும். 30 டெசிபல் (சிக்னலின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் அலகு) மாதிரி ஓர் அளவில் நிறுத்தி, எல்லா ஊரிலும் அதே அளவில் கேளுங்கள். லேப்டாப் பேட்டரியில்தான் ஓட வேண்டும்; சார்ஜர் மாட்டியவுடன் மத்திய அலை முழுக்க ஒரு ரீங்காரம் ஏறும், அதை ஊரின் குறை என்று எழுதிவிடக் கூடாது.

பிறகு ஒவ்வோர் இடத்திலும் மூன்று விஷயம் குறித்தால் போதும். எந்த நிலையமும் இல்லாத ஓர் அலைவரிசையில் அடி இரைச்சல் எவ்வளவு என்பது ஒன்று. முன்கூட்டியே தேர்ந்தெடுத்த சில நிலையங்கள் அந்த இரைச்சலுக்கு மேலே எத்தனை டெசிபல் எழும்புகின்றன என்பது இன்னொன்று. மூன்றாவது, எந்தத் திசை அடைபட்டிருக்கிறது என்பது: மலையா, கட்டடமா, புளியந்தோப்பா. சிக்னல் எண்ணை மட்டும் எழுதி இரைச்சலை எழுதாமல் விட்டால் அந்தக் குறிப்பு குப்பை. உதாரணத்துக்கு ஒரு நிலையம் ஓசூரில் மைனஸ் 40, அஞ்செட்டியில் மைனஸ் 50 என்று காட்டலாம் (பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு பலம்). ஆனால் ஓசூரில் அடி இரைச்சல் மைனஸ் 48, அஞ்செட்டியில் மைனஸ் 70 என்றால், பலவீனமாக வந்த அஞ்செட்டியில்தான் பேச்சு புரியும். சந்தை நடுவில் சத்தமாகப் பேசுவதைவிடக் கோயில் திண்ணையில் மெல்லப் பேசுவது காதில் விழும், அதே கதை.

எந்த நிலையங்களை வைத்து அளப்பது

பண்பலையில் உங்கள் ஒப்பீட்டுக்கு அடிப்படை ஆகாசவாணி தருமபுரி, 102.5 மெகாஹெர்ட்ஸ். அது அநேகமாக எங்கும் வரும், அதனால் அதைத் தூரத்துக்கு அல்ல, செட் நிரம்பி வழிகிறதா என்று பார்க்கப் பயன்படுத்துங்கள். தருமபுரி ஊருக்குள் டாங்கிளில் இதே நிலையம் தனக்குச் சொந்தமில்லாத அலைவரிசைகளிலும் முளைத்தால், கெயின் அதிகம் என்று அர்த்தம். எல்லா ஊருக்கும் சேர்த்துக் குறையுங்கள், மற்ற அலைகளைக் கேட்கும்போது பண்பலையை வடிகட்டும் ஒரு பில்டரும் போடலாம்.

வடக்குத் திசைக்கு பெங்களூர் 101.3, 102.9. மேற்குக்கு மைசூர் 100.6. தெற்குக்குக் கோடைக்கானல் 100.5, கிழக்குக்குச் சென்னை 101.4. எண்களைப் பார்த்தாலே புரியும், இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது: கோடைக்கானலும் மைசூரும் ஒட்டி ஒட்டி, பெங்களூரும் சென்னையும் ஒட்டி ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. அதாவது நீங்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறீர்கள் என்பதை இந்த இரண்டு ஜோடிகளே சொல்லிவிடும். தேன்கனிக்கோட்டை பக்கம் 100.6இன் கன்னடம் முந்தும். தருமபுரி, பென்னாகரம் மேட்டில் கோடைக்கானல் முந்த வாய்ப்பு அதிகம். 200 கிலோமீட்டருக்கு மேல் இருந்தாலும் அந்தக் கோபுரம் 2,000 மீட்டர் மலையில் நிற்கிறது, தொப்பூர் மலை நடுவில் மறைக்காத ஓர் இடம் உங்களுக்குக் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். டைபோலைத் திருப்பி, பேண்ட்விட்த்தை, அதாவது செட் கேட்கும் பட்டையின் அகலத்தை, 100 கிலோஹெர்ட்ஸ் அளவுக்குக் குறுக்கினால் இரண்டையும் பிரித்துக் கேட்கலாம். சென்னை 101.4 கதையே வேறு. கடலோரச் சமவெளியில் இருக்கும் கோபுரம், சாதாரண நாளில் நமக்கு வராது. பர்கூர், ஊத்தங்கரை பக்கம் குளிர்காலத்தில் பனி மூடிய விடியற்காலையில் முயற்சி செய்யுங்கள். கீழே குளிர்ந்த காற்றும் மேலே சூடான காற்றும் படிந்து நிற்கும்போது அலை அந்த இரண்டு அடுக்குக்கு நடுவில் சிக்கி வெகுதூரம் ஓடும், வெயில் ஏறியதும் கலைந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஆகாசவாணி நிலையங்கள் பல நேரம் ஒரே நிகழ்ச்சியை ஒலிபரப்பும், அதனால் பாட்டை வைத்து நிலையத்தைத் தீர்மானிக்காதீர்கள். நிகழ்ச்சி மாறும் மணியில் நிலையத்தின் பெயரைச் சொல்வார்கள், அதுவரை பொறுங்கள்.

மத்திய அலைக்கு உயரம் அநேகமாகப் பொருட்டே இல்லை. அது தரையோடு ஒட்டிப் போகும், மலையைச் சுற்றி வளையும், ஒகேனக்கல் பள்ளத்தில் கூட வரும். இங்கே போட்டி முழுக்க இரைச்சலோடு. பகலில் பெங்களூர் 612, சென்னை 720, திருச்சி 936, கோவை 999 கிலோஹெர்ட்ஸ், இந்த நான்கையும் வைத்து அளக்கலாம். நாடு முழுக்க மத்திய அலை நிலையங்களை ஒவ்வொன்றாக நிறுத்தியும் சக்தியைக் குறைத்தும் வருவதால், எது இன்னும் ஓடுகிறது என்று கிளம்புவதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இரவில் அளக்காதீர்கள். பொழுது சாய்ந்ததும் வானத்தின் கீழடுக்கு மறைந்து, தொலைதூர நிலையங்கள் மேலே பட்டுத் திரும்பி வரும், சிக்னல் ஏறி இறங்கும், ஒப்பிடவே முடியாது. கேட்டு ரசிப்பதற்கு இரவு, அளப்பதற்குப் பகல்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்பதில் நம் மாவட்டங்களுக்கென்று சில விசேஷங்கள் உண்டு. ஓசூர் சிப்காட் சுற்றுவட்டாரத்தில் தொழிற்சாலை மோட்டார்களின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகளும், கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் பட்டறைகளும். ஊருக்குள் மலிவு எல்இடி பல்பு, இன்வெர்ட்டர். கிராமத்துக்குப் போய்விட்டால் தப்பித்தோம் என்று பார்த்தால் சோலார் பம்பின் கன்ட்ரோலர் பகல் முழுக்கக் கத்தும். காட்டை ஒட்டிய தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி நிலங்களில் யானைக்கும் பன்றிக்கும் போட்ட மின்வேலி நொடிக்கு ஒருமுறை "டிக், டிக்" என்று மத்திய அலையில் அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டால் செட்டில் கோளாறு என்று திறந்து பார்க்க வேண்டாம். உங்கள் தெருவின் இரைச்சலில் எவ்வளவு வீடுகளிலிருந்து வருகிறது என்று அறிய கரண்ட் கட்டை விட நல்ல கருவி கிடையாது. போனவுடன் செட்டைத் தட்டி, அடி இரைச்சல் எவ்வளவு இறங்குகிறது என்று குறியுங்கள். 20 டெசிபல் இறங்கினால் சக்தியில் நூறு மடங்கு இரைச்சல் மின்சாரத்தோடு போய்விட்டது என்று பொருள்.

சிற்றலைக்கும் இதே விதி. 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை காலையில் தென்னிந்திய ஹாம்கள் கூடிப் பேசுவார்கள், தமிழ், மலையாளம், கன்னடம் எல்லாம் கலந்து வரும், செட்டை எல்எஸ்பி முறையில் (இந்த அலையில் ஹாம்கள் குரலை அனுப்பும் முறை) வைத்தால்தான் குரல் குரலாகக் கேட்கும். அது ஓசூர் நடுவில் இரைச்சலில் மூழ்கி, அரூர் தாண்டி ஒரு வயல்வெளியில் தெளிவாகக் கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள்.

வானத்துக்கு வேறு அளவுகோல்

சர்வதேச விண்வெளி நிலையம் 145.800 மெகாஹெர்ட்ஸில் ஹாம் அலையில் பேசும், சில நாட்களில் படமும் அனுப்பும். அது சுமார் 400 கிலோமீட்டர் மேலே போவதால் நீங்கள் மலைமேல் நிற்பதில் எந்த லாபமும் இல்லை, தேவை எல்லாம் நான்கு பக்கமும் திறந்த அடிவானம். அது நம் வானத்தைக் கடந்து போகும் ஒரு கடப்பு அதிகபட்சம் பத்து நிமிடம் வரை இருக்கும். எந்த நிமிடத்தில் முதலில் கேட்டது, எந்த நிமிடத்தில் போனது என்று குறித்து, கடப்பு நேரம் காட்டும் ஆப் சொன்ன நேரத்தோடு ஒப்பிடுங்கள். கிருஷ்ணகிரி அணைப் பக்கம் திறந்த வெளியில் முழுக் கடப்பும் கிடைக்கலாம், ஒகேனக்கல்லில் இரண்டு பக்கப் பாறைகள் கடப்பின் தொடக்கத்தையும் முடிவையும் தின்றுவிடும். அதன் அலைவரிசை, நிலையம் நெருங்கி வரும்போது 145.803, விலகிப் போகும்போது 145.797 பக்கம் நகரும் என்பதையும் மனதில் வையுங்கள்.

வானிலைப் படம் எடுக்க நினைப்பவர்கள் பழைய வழிகாட்டிகளைப் பார்த்து நோவா 15, 18, 19 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள்களைத் தேடிக்கொண்டு உட்காராதீர்கள், மூன்றும் 2025இல் நிறுத்தப்பட்டுவிட்டன. இப்போது ரஷ்யாவின் மெட்டியார் வரிசைதான், 137.9 மெகாஹெர்ட்ஸ் பக்கம், டிஜிட்டல் படம்.

சரி, என்னைக் கேட்டால்? பண்பலை தூரத்துக்கு ராயக்கோட்டை, சூளகிரி விளிம்பு. மத்திய அலை, சிற்றலைக்கு அரூர், பென்னாகரம் பக்கம் வீடுகள் இல்லாத ஏதாவது ஓர் இடம். ஓசூரில் குடியிருப்பவர்கள் 145 மெகாஹெர்ட்ஸ் ஹாமையும் பெங்களூர் பண்பலையையும் வீட்டிலேயே கேட்டுக்கொண்டு, மத்திய அலைக்கும் சிற்றலைக்கும் மட்டும் வண்டியெடுத்துக் கிளம்புவது புத்திசாலித்தனம். வத்தல்மலைக்கு இரண்டையும் கலந்து மதிப்பெண் போடலாம், ஏற்றமும் உண்டு, வீடுகளும் குறைவு.

எங்கே போனாலும் காட்டுக்குள் மட்டும் போகாதீர்கள். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கம் பெரும்பகுதி காவிரி வடக்கு, காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயங்கள், அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது, மாலை ஆனால் யானை சாலைக்கே வரும். ராயக்கோட்டை மலைக்கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் அங்கே குழாய் நடுவதும் கம்பி கட்டுவதும் கூடாது, கையில் பிடிக்கிற பாக்கெட் ரேடியோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் மதியம் தாண்டினால் கோடை மழை இடி, எங்கோ தூரத்து மின்னல் கூட மத்திய அலையில் படபடவென்று வெடிக்கும். அந்த வெடிப்பு அடிக்கடி வர ஆரம்பித்தால் அளப்பதை விட்டுவிட்டு முதலில் குழாயை இறக்குங்கள். வீட்டு மொட்டை மாடியில் நிரந்தரமாகக் கட்டியவர்கள் கேபிளை டாங்கிளிலிருந்து கழற்றினால் மட்டும் போதாது, நுனியை ஜன்னலுக்கு வெளியே போட்டுவிட வேண்டும்.